விரல் ரேகைக்கு ஒரு எம்3 போல்ட்: வீட்லயே செயற்கை விரல் நுனி

கண்ண மூடிட்டு ஜீன்ஸ் மேல விரல வெச்சு ஆடாம இருங்க, என்ன துணின்னு பெருசா பிடிபடாது, லேசா இழுத்துப் பாருங்க உடனே தெரிஞ்சிடும். நைஸான சொரசொரப்ப நம்ம தோல் தேய்க்கும்போது வர்ற அதிர்வ வெச்சுதான் கண்டுபிடிக்குது. அந்த வேலைய பாக்குற பசினியன் உறுப்பு தோலுக்கு ஆழத்துல இருக்கு, 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம்னா அதுக்கு ரொம்ப கூர்மை.

அதுக்கு பதிலா நாம வெக்கப்போறது 27 மிமீ பைசோ டிஸ்க், பஸ்ஸருக்குள்ள இருக்குமே அந்த பித்தளை தட்டு. அழுத்தி பிடிச்சே இருந்தா கம்முனு இருக்கும், அதிர்ந்தாதான் வோல்டேஜ் தரும், பசினியன் குணமும் அதான்.

அடுத்து ரேகை, இதுதான் எனக்கு பிடிச்ச இடம். 2009ல பாரிஸ்ல ஒரு குழு சென்சார் மேல வரி வரியா ரப்பர் மூடி போட்டு தேய்ச்சாங்க, வழவழ மூடிய விட இதுல ஒரு அதிர்வெண் மட்டும் தூக்கலா வந்துச்சு. கணக்கு சிம்பிள், தேய்க்கிற வேகத்த வரி இடைவெளியால வகுக்கணும். நம்ம ரேகை சுமாரா அரை மிமீ, நொடிக்கு 10 செமீ தேய்ச்சா 200 ஹெர்ட்ஸ். எம்3, அதாவது 3 மிமீ போல்ட்டோட மரை இடைவெளியும் அதே 0.5 மிமீ! வெதுவெதுப்பான மெழுகு மேல அத அழுத்தி உருட்டுங்க, அச்சு ரெடி. 2 மிமீ கனத்துக்கு சிலிக்கோன் ரப்பர் ஊத்தி, காஞ்சதும் டிஸ்க்ல ஒட்டிடுங்க. வினிகர் வாடை அடிக்கிற சீலன்ட் மட்டும் வேணாம், என் முதல் விரல் அதுலதான் பித்தளை பச்சை பூத்து ஒயர் கையோட வந்துடுச்சு.

ஒரு ஒயர் கிரவுண்டுக்கு, இன்னொண்ணு ஆர்டுயினோங்கிற குட்டி கன்ட்ரோலர் போர்டோட ஏ0 பின்னுக்கு. ஏ0ல இருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டர், கிரவுண்டுக்கு ஒரு 1 மெகாஓம் ரெசிஸ்டர், இல்லேன்னா அலைல கீழ்ப்பாதி காணாம போயிடும். தட்டினா வோல்டேஜ் எகிறும், அதனால 5 வோல்ட் பக்கம் ஒண்ணு கிரவுண்ட் பக்கம் ஒண்ணுன்னு 1என்4148 டயோடு.

நொடிக்கு 2000 சாம்பிள், எஃப்எஃப்டிக்கு (அலைல எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்குன்னு பிரிச்சு காட்டுற கணக்கு) 128 போதும், ஆர்டுயினோ யூனோ ஆர்3 போர்டுல ராம் 2 கேபிதான். சாம்பிள் எடுக்கும்போது நடுவுல பிரின்ட் பண்ணாதீங்க, டைமிங் போச்சு.

வரிக்கு குறுக்கால 5 செமீ வேகத்துல ஒரு தடவ, 10ல ஒரு தடவ தேய்ங்க, உச்சி 100ல இருந்து 200க்கு நகரணும். நகராம 50லயே நின்னா அது வீட்டு கரண்ட்டோட இரைச்சல், ஷீல்டு ஒயர் மாத்துங்க.