காஸிலில் கல்யாண நாள்: நாங்கள் செய்த தவறுகளும் நீங்கள் தவிர்க்க வேண்டியவையும்

பத்தாவது கல்யாண நாளை ஸ்காட்லாந்தில் ஒரு காஸிலில் (கோட்டை மாளிகையில்) தங்கிக் கொண்டாடுவது என்று முடிவானது. வெளிப்புறப் படம் கண்ணைப் பறித்த ஒரு காஸிலில், இருந்ததிலேயே விலை குறைந்த அறையைப் பிடித்தேன். நாள் சனிக்கிழமை. போய்ச் சேர்ந்தபோது மாலை மணி ஏழு. அறை, கிழமை, நேரம் மூன்றிலுமே கோட்டை விட்டிருந்தேன்.

முதலில் கிழமை. இந்த மாதிரி இடங்கள் பலவற்றுக்குக் கல்யாணங்கள்தான் பெரிய வருமானம், அதிலும் சனிக்கிழமை உச்சம். நாங்கள் போனபோது முற்றத்தில் கில்ட் என்ற ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட பாவாடை அணிந்த ஒருவர் பேக்பைப் ஊதிக்கொண்டிருந்தார். நமக்குத்தான் வரவேற்போ என்று ஒரு நொடி பூரித்தேன். பின்னால் மணப்பெண் வந்தாள். கீழ் ஹாலில் கெய்லி என்ற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம் நள்ளிரவு வரை நடந்தது. அக்கார்டியன் சத்தம் படிக்கட்டு வழியாக நேராக எங்கள் கட்டிலுக்கே வந்தது. "நம்ம கல்யாணத்துல கெட்டிமேளம்கூட ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுதுங்க" என்றாள் மனைவி.

அதனால் ஞாயிறிலிருந்து வியாழனுக்குள் ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். வாடகையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும். தேதிதான் முக்கியம் என்று பிடிவாதம் வேண்டாம், இரண்டு நாள் தள்ளிப் போனால் தாலி கோபித்துக்கொள்ளாது. பணம் கட்டும் முன் போன் போட்டு, அன்றைக்குக் கல்யாண பார்ட்டி இருக்கிறதா, பாட்டு எத்தனை மணி வரை, நம் அறை ஹாலுக்கு மேலே வருமா என்று கேட்டுவிடுங்கள். இணையத்தில் பதிவு செய்யும்போது இதையெல்லாம் யாரும் தாமாகச் சொல்வதில்லை.

அடுத்தது பெயர். காஸில் என்றதும் நமக்கு செஞ்சியும் வேலூரும் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்காட்லாந்தில் அந்தப் பெயர் எதற்கும் வரலாம். போர்ட் வில்லியம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இன்வர்லாக்கி என்ற பெயரில் இரண்டு உண்டு. ஒன்று 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை, இப்போது கூரையில்லாத இடிபாடு. சில மைல் தள்ளி இருக்கிற ஹோட்டல், 1863இல் அபிங்கர் பிரபு கட்டிய மாளிகை. விக்டோரியா ராணி 1873இல் வந்து தங்கி ஓவியம் தீட்டிய இடம் அதுதான். கோபுரம் எல்லாம் இருக்கும், ஆனால் முற்றுகை எதையும் பார்த்ததில்லை. இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. பெரிய ஜன்னலும் வெளிச்சமும் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வகை மாளிகைதான் சரி. பருத்த சுவரும் குறுகிய துளை ஜன்னலும் வேண்டுமென்றால் உண்மையான பழங்கோட்டையைத் தேட வேண்டும். எந்தக் காலத்துக் கட்டடம் என்று பார்க்காமல் பணம் கட்டிவிட்டு, "கோட்டை மாதிரியே இல்லையே" என்று அங்கே போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதுதான் தவறு.

பழங்கோட்டை வேண்டும் என்பவர்களுக்கு எடின்பரோவிலிருந்து காரில் அரைமணியில் டல்ஹவுஸி காஸில் இருக்கிறது. ராம்சே குடும்பத்தின் கோட்டை. 1400இல் இங்கிலாந்தின் நான்காம் ஹென்றி முற்றுகையிட்டும் விழவில்லை. இப்போது ஹோட்டல், பழைய நிலவறையில்தான் சாப்பாட்டு மேசைகள். நமக்கு அங்கே இன்னொரு கணக்கும் உண்டு. 1848 முதல் 1856 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹவுஸி பிரபு 1812இல் பிறந்தது இந்தக் கோட்டையில்தான். 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது, வாரிசு இல்லை என்ற அதே காரணத்தைக் காட்டித்தான் கம்பெனி தஞ்சை அரசை முடித்து வைத்தது. கல்யாண நாளன்று இதைப் பேசலாமா என்பது உங்கள் வீட்டு விவகாரம். தஞ்சாவூர்க்காரரைக் கட்டியிருந்தால் பேச்சு தானாக வந்துவிடும்.

இனி அறை. 'காஸிலில் அறை' வேறு, 'காஸில் வளாகத்தில் அறை' வேறு. விலை குறைந்த அறைகள் பல இடங்களில் பழைய குதிரை லாயத்திலோ தோட்டத்துச் சிறு வீட்டிலோ இருக்கும். அறை வசதியாகவே இருக்கும், ஆனால் ஜன்னலைத் திறந்தால் கோட்டையைப் பார்ப்பீர்களே தவிர கோட்டைக்குள் இருக்க மாட்டீர்கள். எங்களுக்குக் கோட்டைக்குள்ளேயே கிடைத்தது, கோபுர உச்சியில். சுழல் படிக்கட்டு, ஒவ்வொரு படியும் நடுவில் தேய்ந்து குழிவிழுந்தது. லிப்ட் கிடையாது. பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம் என்பதால் நினைத்தபடி சுவரை உடைத்து லிப்ட் வைக்கவும் முடியாது. ஊருக்குப் போகும்போது எடுக்கிற 23 கிலோ பெட்டியைத்தான் நான் கொண்டு போயிருந்தேன். அந்த வளைவில் பெட்டியும் நானும் சேர்ந்து திரும்ப இடமில்லை. ஓர் இரவுக்குத் தோள்பை போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் தரைத்தளத்து அறையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

நேரத்தை யாரும் கணக்குப் போடுவதே இல்லை. செக்-இன் மதியம் மூன்று மணி, செக்-அவுட் காலை பதினொன்று என்பது பொதுவான வழக்கம். தையில் கல்யாணம் ஆனவர்களுக்கு, ஜனவரிக் கடைசியில் எடின்பரோவில் மாலை நாலரை வாக்கில் சூரியன் மறைந்துவிடும். மதிய உணவை முடித்துக்கொண்டு ஆற அமரப் போனால் காடும் ஆறும் கோபுரமும் எதுவும் கண்ணில் படாது. மார்கழியில் நாம் முகூர்த்தம் வைக்காததால் இருட்டின் உச்சத்திலிருந்து தப்பித்தோம். வைகாசி, ஆனிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். எந்த மாதமானாலும் மூன்று மணிக்கு வாசலில் நில்லுங்கள். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள். முற்றத்தில் காக்காயைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டில் சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், மேசையில் உட்கார்ந்து சொன்னால் காளான் ரிசோட்டோ என்ற இத்தாலியக் குழைசோறுதான். அதன்மேல் தூவும் பார்மசான் சீஸ் கன்றின் இரைப்பை நொதி சேர்த்துச் செய்வது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஸ்காட்லாந்தின் பெயர்போன பதார்த்தமான ஹாகிஸ் ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலில் செய்வது, ஆனால் சைவ ஹாகிஸும் உண்டு, நன்றாகவே இருக்கும். நம் வழக்கப்படி ஒன்பதரைக்குப் பசித்தால் சமையலறை மூடியிருக்கும், பக்கத்தில் கடையும் இருக்காது. பட்டுப்புடவை தாராளமாகக் கட்டலாம், ஆனால் குதிகால் செருப்பு சரளைக்கல் முற்றத்தில் இரண்டடி தாண்டாது. கல் சுவர் ஆவணியிலும் சில்லென்று இருக்கும், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி.

ஹோட்டல் உபசாரமே வேண்டாம் என்றால் லேண்ட்மார்க் டிரஸ்ட் இருக்கிறது. 1965இல் தொடங்கிய அறக்கட்டளை, பழங்கட்டடங்களைச் சீர்செய்து விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. ஸ்காட்லாந்தின் மேற்கே கின்டயர் கடற்கரையில் உள்ள சாடெல் காஸில் அவர்களுடையது, எட்டுப் பேர் தங்கலாம், கூட இன்னும் மூன்று ஜோடிகள் சேர்ந்தால் கட்டுப்படியாகும். டிவி கிடையாது. முழுச் சமையலறை உண்டு. ரசப்பொடி, பெருங்காயம் எடுத்துப் போங்கள். காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டுத் தாளிப்பதாக இருந்தால் மட்டும் முதலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை அலாரத்துக்கு நம் தாளிப்பு பழக்கமில்லை.