ஆப்ரிகாட்டைக் கோடையில் வெட்டுங்கள்

கலிஃபோர்னியா பக்கம் வீட்டில் ஆப்ரிகாட் மரம் வைத்திருந்தால், மற்ற பழமரங்களோடு சேர்த்து அதையும் குளிர்காலத்தில் கவாத்து செய்துவிடாதீர்கள். அந்த ஊர்களில் மழையே குளிர்காலத்தில்தான். வெட்டிய காயம் ஆறுவதற்குள் மழை ஈரத்தோடு யூடைப்பா என்ற பூஞ்சை உள்ளே புகுந்துவிட்டால், பின்னால் ஏதோ ஒரு கோடையில் நன்றாக இருந்த கிளை திடீரென்று வாடி, காய்ந்த இலை உதிராமல் அப்படியே தொங்கும், பட்டையில் பிசின் வடியும். பழம் பறித்து முடித்த கையோடு, ஜூலை ஆகஸ்டில், முதல் மழைக்கு ஆறு வாரமாவது முன்னால் வெட்டுங்கள். ஏற்கெனவே நோய் வந்த கிளையா? உள்ளே பழுப்புக் கறை முடிகிற இடத்தில் நிறுத்தினால் போதாது, இன்னும் ஒரு அடி கீழே போய் வெட்டுங்கள். மனசு கேட்காதுதான். வெட்டியதை மரத்தடியில் குவித்து வைக்க வேண்டாம்.