பச்சை ஏறிய தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டாதீர்கள்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் போதும், பள்ளத்தூரில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஆச்சி, தண்ணி பச்சைப் பசேல்னு ஆயிருச்சு. மோட்டாரைப் போட்டு இறைச்சுக் கழுவிரலாமா?"

வேண்டாம். இறைத்து நிரப்பினால் சில நாள் தெளிவாக இருக்கும், அப்புறம் மறுபடியும் பச்சை ஏறும். தொட்டிச் சுவரில் வழுவழுவென்று ஒட்டியிருக்கிற படலத்தில்தான் மீன் கழிவைச் சீர்செய்யும் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் அவையும் போய்விடும். புதுத் தண்ணீரில் விட்ட மீனும் தாங்காது.

முதலில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை மொண்டு, அசைக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் மண் படிந்து மேலே தெளிந்தால் அது வெறும் கலங்கல். கெண்டை அடிமண்ணைக் கிளறியிருக்கும். பானையில் உரசுகிற தேத்தாங்கொட்டை இந்தக் கலங்கலுக்குத்தான் கைகொடுக்கும், பச்சைக்கு அதை நம்ப வேண்டாம். பழுப்பாகத் தெரிந்தால் பின்கட்டு மரத்து இலை விழுந்து ஊறிய சாயம். இலையை அள்ளினால் சரியாகிவிடும். மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சையாக நின்றால் அது மிதக்கும் பாசி. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர், வேட்டித் துணியில் வடித்தாலும் தப்பிவிடும்.

இந்தப் பாசிக்கு வேண்டியது இரண்டு: வெயில், சாப்பாடு. சாப்பாடு என்பது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். இரண்டும் பெரும்பாலும் நம் கையிலிருந்துதான் போகின்றன. கோயில் தெப்பக்குளத்தில் பொரி போட்டுப் பழகிய கை, வீட்டுத் தொட்டியிலும் அள்ளி வீசுகிறது. ஐந்து நிமிடத்தில் மீன் தின்று தீர்ப்பதற்கு மேல் ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள். பச்சை ஏறியிருக்கும்போது ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும். வளர்ந்த மீன் பட்டினியில் வாடாது. வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்து, தொட்டிக்குள் எது வழிந்து வருகிறது என்று சுற்றிப் பாருங்கள். துணி துவைத்த சோப்புத் தண்ணீர், எரு போட்ட பாத்தியில் ஓடி வருகிற தண்ணீர், புறா எச்சம் படிந்த ஓட்டிலிருந்து இறங்கும் முதல் மழை, எல்லாமே பாசிக்கு விருந்து. ஊருணியில் குளிக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது என்று நம் ஊர்களில் பெரியவர்கள் கண்டிப்பாக இருந்தார்களே, அதே கண்டிப்பு இந்தச் சின்னத் தொட்டிக்கும் வேண்டும்.

வெயிலைத் தடுக்க நீர்ப்பரப்பில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக நிழல் விழ வேண்டும். எனக்குப் பிடித்தது அல்லி. வாயகன்ற மண் சட்டியில் வெறும் களிமண்ணில் நடுங்கள், எரு வேண்டாம். மேலே இரண்டு விரற்கடை கூழாங்கல் பரப்பினால் மீன் மண்ணைக் கிளறாது. அல்லி இலை விரிகிறவரை பச்சை நிழல்வலையைத் தொட்டிக்கு மேலே கட்டுங்கள், அதுவும் பகல் பன்னிரண்டு முதல் நான்குவரை வெயில் விழுகிற பக்கமாக. கூடவே ஆகாயத்தாமரை கொஞ்சம் விடலாம். தொங்குகிற அதன் வேர் தண்ணீரிலுள்ள சத்தை உறிஞ்சிவிடும். வாரம் ஒருமுறை அதில் பாதியை அள்ளி எடுங்கள். செடியோடு சத்தும் வெளியேறுகிறது. அள்ளியதைத் தென்னைக்கு அடியில் போடுங்கள். தயவுசெய்து ஊருணியிலோ கண்மாயிலோ வீசாதீர்கள். அங்கே பிடித்துக்கொண்டால் நீர்ப்பரப்பையே மூடிவிடும்.

தண்ணீர் மாற்றுவது உண்டு, ஆனால் கொஞ்சமாக. பத்தடிக்கு ஆறடி, இரண்டரை அடி ஆழத் தொட்டி என்றால் 150 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக 4,200 லிட்டருக்குச் சற்று மேல். வாரத்துக்கு 600 லிட்டர் எடுத்தால் போதும். மேல் தண்ணீரை மொள்ளாமல், ஒரு ஓஸ் குழாயை அடியில் விட்டு, வண்டல் கிடக்கிற இடமாகப் பார்த்து உறிஞ்ச விடுங்கள். வாழைக்கும் மல்லிகைக்கும் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. திரும்ப ஊற்றுவது குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். பரணில் கிடக்கிற பித்தளை அண்டாவை அதற்கு எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் டிரம் போதும். பித்தளையில் இருக்கிற செம்பு தண்ணீரில் கரைந்தால் மீனுக்கு ஆகாது.

மயில்துத்தத்தை நான் கிட்டேயே விடாததற்கும் காரணம் அதுதான். துத்தம் செம்பு உப்பு. பாசியைக் கொல்லும், அளவு சற்றுப் பிசகினாலும் மீனையும் நத்தையையும் சேர்த்தே கொல்லும். அளவு சரியாக இருந்தாலும் செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள உயிர்வாயு தீர்ந்துவிடும். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். சுண்ணாம்பு விழுந்து காரத்தன்மை ஏறினால், அதுவரை அடங்கியிருந்த அமோனியா நஞ்சாகிவிடும்.

இன்னொன்று, விடியற்காலையில் ஒருமுறை தொட்டியைப் பார்த்துவிடுங்கள். பகலில் பாசி உயிர்வாயுவைத் தருகிறது, இரவில் அதுவே மீனோடு போட்டிபோட்டு எடுத்துக்கொள்கிறது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். பம்பு வைத்திருப்பவர்கள் பகலில் ஓட்டிவிட்டு இரவில் நிறுத்துகிறார்கள். நிறுத்தக் கூடாத நேரம் இரவுதான். கரண்டு போனால் வாளியில் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள்.

வடிகட்டிக்குப் பெரிய செலவு இல்லை. ஒரு டிரம்மில் ஸ்பாஞ்சும் பழைய நைலான் வலையும் அடைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீர் முழுதும் அதன் வழியாகப் போய்வரும்படி பம்பு வையுங்கள். அதில் நுண்ணுயிர் குடியேற மாதம், ஒன்றரை மாதம் ஆகும். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடியில் கழுவாதீர்கள்.

முழங்கைவரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தெரிந்தால் போதும், லேசான பச்சை மீனுக்கு ஒரு கேடும் செய்யாது. இவ்வளவும் செய்து, இரண்டு மாதம் கழித்தும் கை தெரியவில்லை என்றால் மீன் அதிகம் என்று பொருள். ஜிலேபிக் கெண்டை விட்டிருந்தால் குட்டி பெருகியிருக்கும்; பிடித்துக் குழம்பு வையுங்கள். கோல்டுஃபிஷ் என்றால் கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். அதற்குப் பிறகும் பச்சை நின்றால்தான் வடிகட்டியோடு யூவி விளக்கு, அதாவது புற ஊதாக் கதிரால் மிதக்கும் பாசியை அழிக்கும் விளக்கு, வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.