ஓர் அலகிலிருந்து தொடங்குவோம்: கல்லூரி ஆசிரியர்களுக்கு மின்வழிக் கற்றல் செய்முறை விளக்கம்

பாடக்குறிப்புகளைப் பிடிஎஃப் கோப்பாக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, மின்வழிக் கற்றல் நடைபெறுகிறது என்று துறைக்கு அறிக்கை எழுதிக் கொடுத்த காலம் எனக்கும் உண்டு. அந்தக் கோப்புகள் காலை வணக்கப் படங்களுக்கும் விடுமுறை விசாரிப்புகளுக்கும் அடியில் புதைந்துபோயின. யார் படித்தார்கள், எந்த இடத்தில் குழம்பினார்கள் என்பது தேர்வுத் தாள் திருத்தும்வரை எனக்குத் தெரியவில்லை. வகுப்பறைக் கற்பித்தலுக்குத் துணையாக மின்வழிக் கற்றலை அமைப்பதன் பயன், அந்தக் குழப்பத்தை வகுப்புக்குள் நுழையும் முன்பே ஆசிரியர் கண்டுகொள்வதுதான். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த ஒரு நோக்கத்தை வைத்தே அமைந்தவை.

பாடப்பொருளையும் வினாத்தேர்வுகளையும் இணையத்தில் வைத்து நடத்த உதவும் மூடில் தளம் உங்கள் கல்லூரியில் நிறுவப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி, 2002ஆம் ஆண்டில் முதல் பதிப்பாக வெளியிட்ட இந்தக் கட்டற்ற மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கிடையாது. வழங்கிச் (சர்வர்) செலவும் அதைப் பராமரிக்க ஓர் ஆளும் மட்டுமே தேவை. அந்த வசதி இல்லாதவர்கள் கூகுள் கிளாஸ்ரூமில் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம். வினாத்தேர்வுப் பகுதியில் மட்டும் சற்றுக் குறைவு தெரியும். நான் வேதியியல் நடத்துபவன் என்பதால், எடுத்துக்காட்டாக இளநிலைப் பாடத்தில் வரும் தாங்கல் கரைசல்கள் (சிறிதளவு அமிலமோ காரமோ சேர்த்தாலும் அமிலத்தன்மை பெரிதாக மாறாத கரைசல்கள்) பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: மாணவர்கள் சறுக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பாடத்திட்டத்தின் ஐந்து அலகுகளையும் ஒரே பருவத்தில் ஏற்றிவிடும் ஆசையை விட்டுவிடுங்கள். ஓர் அலகு, அதிலும் ஆண்டுதோறும் விடைத்தாள்களில் ஒரே தவறு திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி போதும். என் மாணவர்கள், தாங்கல் கரைசலின் பிஎச் மதிப்பை, அதாவது அமிலத்தன்மையின் அளவை, கணக்கிட உதவும் ஹெண்டர்சன்–ஹாசல்பால்ச் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள்; ஆனால் செறிவுகளைக் கொடுத்தால் உப்பையும் அமிலத்தையும் தலைகீழாகப் பிரதியிடுவார்கள். இப்படிப்பட்ட இடமே தொடங்குவதற்கு ஏற்றது.

அடுத்து, இப்பகுதி முடிந்ததும் மாணவர் என்ன செய்வார் என்பதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். 'தாங்கல் கரைசல்களைப் பற்றி அறிவார்' என்று எழுதினால் அதைச் சோதிக்க வழியில்லை. 'அமிலம், உப்பு ஆகியவற்றின் செறிவுகள் தரப்பட்டால் கரைசலின் பிஎச் மதிப்பைக் கணக்கிடுவார். சிறிதளவு வலிமைமிகு அமிலம் சேர்த்தாலும் அம்மதிப்பு ஏன் பெரிதாக மாறுவதில்லை என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் விளக்குவார்' என்று எழுதினால், எந்த வினாவைக் கேட்பது, எந்தக் காணொளியைத் தவிர்ப்பது என்பதெல்லாம் அந்த வாக்கியத்திலிருந்தே கிடைத்துவிடும்.

படி 2: எது வீட்டில், எது வகுப்பில்?

ஒரு தாளை மூன்று பத்திகளாக மடித்து, வகுப்புக்கு முன், வகுப்பில், வகுப்புக்குப் பின் என்று தலைப்பிடுங்கள். வரையறைகள், குறியீடுகள், ஒரேயொரு தீர்த்த கணக்கு ஆகியவை முதல் பத்திக்குச் செல்லட்டும். மாணவர் தம் வேகத்தில் நிறுத்தி நிறுத்திப் படிக்கக்கூடியவை இவை. ஐயங்கள் எழும் கணக்குகளும் விவாதமும் இரண்டாம் பத்திக்கு உரியவை. மூன்றாவதில் பயிற்சி வினாக்களும் ஓர் எழுத்துப் பணியும் இருந்தால் போதும். வகுப்பில் சொல்லப்போவதையே முதல் பத்தியிலும் வைத்தால், வகுப்புக்கு வருபவர்கள் முன்கூட்டிப் படிக்கமாட்டார்கள்; படித்தவர்கள் வகுப்பில் கொட்டாவி விடுவார்கள்.

படி 3: பக்கத்தை ஒழுங்கு செய்யுங்கள்

மூடிலில் உங்கள் பாடப் பக்கத்தைத் திறந்து, வலது மேல்மூலையில் உள்ள திருத்தும் பொத்தானை இயக்கி, இந்த ஒரு பகுதிக்கு மட்டும் பெயரிட்டு, மற்றவற்றை மறைத்துவிடுங்கள். பகுதியின் தொடக்கத்தில் மாணவர் என்ன வரிசையில், ஏறத்தாழ எவ்வளவு நேரத்தில், எந்த நாளுக்குள் முடிக்கவேண்டும் என்பதை நான்கு வரிகளில் எழுதுங்கள். எல்லாம் முடிந்தபின், உங்கள் பெயருக்கு அருகிலுள்ள பட்டியலில் மாணவர் நிலைக்கு மாறி, கைப்பேசியிலிருந்தே ஒருமுறை முழுவதையும் பாருங்கள். கணினித் திரையில் அழகாகத் தெரியும் மூன்று பத்தி அட்டவணை கைப்பேசியில் என்ன பாடுபடுகிறது என்பது அப்போதுதான் புரியும்.

படி 4: சிறிய பாடப்பொருளை ஆயத்தப்படுத்துங்கள்

முதல் முயற்சியில் நான் ஐம்பது நிமிட வகுப்பை அப்படியே பதிவு செய்து ஏற்றினேன். தேர்வுக்கு முந்தைய இரவு வரையில் அதை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. எட்எக்ஸ் என்னும் இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு பாடநெறிகளில் 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் இடைநிலை (மீடியன்) நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று காட்டியது. ஆகவே ஒரு கருத்துக்கு ஒரு பதிவு, அதுவும் ஆறு நிமிடத்துக்குள் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். சமன்பாட்டைத் தாளில் எழுதிக்கொண்டே பேசி, மேலிருந்து கைப்பேசியால் பதிவு செய்தால் போதும்; படத்தொகுப்பு மென்பொருள் எதுவும் வேண்டாம். திரையில் உள்ள வாக்கியங்களை வரிக்கு வரி வாசிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒரே சொற்கள் கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேர வரும்போது கவனம் சிதறுகிறது.

தரவுச் செலவையும் எண்ணிப் பாருங்கள். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் பதிவான ஒலிக்கோப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை மெகாபைட்தான் இருக்கும். ஆறு நிமிட விளக்கம் 3 மெகாபைட்டுக்குள் அடங்கும். எனவே படம் தேவையில்லாத இடங்களில் ஒலிக்கோப்பும் ஒரு பக்கக் குறிப்பும் கொடுப்பது மாணவருக்குச் செய்யும் பேருதவி.

தமிழ்வழி வகுப்பு நடத்துபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பழைய குறிப்புகள் பலவும் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை நகலெடுத்துத் தளத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்து நிற்கும். இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒன்றைக் கொண்டு முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, ஒரு முறை மெய்ப்புப் பார்த்த பின்பே ஏற்றுங்கள். அச்சிட்ட தாளைப் படமெடுத்துப் பிடிஎஃப் ஆக்குவது சுலபம்தான். ஆனால் அதில் சொல் தேட இயலாது, பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் திரைவாசிப்பு மென்பொருளும் அதைப் படிக்காது.

எல்லாவற்றையும் நீங்களே உருவாக்கவேண்டியதும் இல்லை. ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய என்பிடெல், 2017இல் தொடங்கப்பட்ட சுவயம் ஆகிய தளங்களில் பெரும்பாலான பாடங்களுக்கு விரிவுரைகள் உள்ளன. அவற்றைத் தரவிறக்கி மறுபடி ஏற்றாமல், உரிய இணைப்பைக் கொடுத்து, 'பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து பதினாறாம் நிமிடம் வரை' என்பதுபோல் வரம்பையும் குறிப்பிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை சுவயம் வழியாகப் பயில அனுமதிக்கின்றன என்றாலும், அது மதிப்பலகு (கிரெடிட்) மாற்றம் பற்றிய ஏற்பாடு. நாம் இங்கே பேசுவது உங்கள் வகுப்புக்கான துணைப்பொருள் மட்டுமே.

படி 5: வினாத்தேர்வை அமையுங்கள்

நேரத்தைச் செலவிட வேண்டியது இங்கேதான். படித்ததையே மீண்டும் படிப்பதைவிட, நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நிலைத்து நிற்கிறது. உளவியல் ஆய்வாளர்களான ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது சோதித்துப் பார்த்தவர்கள் முந்தினார்கள். எனவே வினாத்தேர்வை மதிப்பெண் கருவியாக எண்ணாமல் படிப்பின் ஒரு பகுதியாகவே கருதுங்கள்.

ஐந்து வினாக்கள் போதும். ஆனால் ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு வினாவைப் பார்ப்போம். '0.10 மோலார் அசிட்டிக் அமிலமும் 1.0 மோலார் சோடியம் அசிட்டேட்டும் கொண்ட கரைசலின் பிஎச் என்ன? அமிலத்தின் பிகேஏ (அதன் வலிமையைக் குறிக்கும் எண்) 4.76.' விடைகளாக 3.76, 4.76, 5.76, 14.76 ஆகியவற்றைத் தருகிறேன். உப்புக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதம் பத்து, பத்தின் மடக்கை ஒன்று, அதைப் பிகேஏவுடன் கூட்டவேண்டும், ஆகவே 5.76 சரி. 3.76ஐத் தேர்ந்தவர் விகிதத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார். 4.76ஐத் தேர்ந்தவர் செறிவுகளைக் கண்டுகொள்ளவே இல்லை. 14.76ஐத் தேர்ந்தவர் மடக்கை எடுக்க மறந்து பத்தை அப்படியே கூட்டியிருக்கிறார். வாய்க்கு வந்த மூன்று எண்களைப் போட்டிருந்தால் இந்தச் செய்திகளில் ஒன்றுகூட எனக்குக் கிடைத்திருக்காது.

வினாக்களைத் தளத்தில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யாமல், எய்கன் என்னும் எளிய வடிவத்தில் நோட்பேடில் எழுதி மொத்தமாக வினா வங்கிக்குள் கொண்டுவரலாம். வினா முழுவதும் ஒரே வரியில் இருக்கவேண்டும். ஒவ்வொரு விடையும் தனி வரியில், ஆங்கிலப் பெரிய எழுத்து, ஒரு புள்ளி, ஓர் இடைவெளி ஆகியவற்றுடன் தொடங்கவேண்டும். கடைசி வரியில் 'ஆன்சர்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் எழுதி, முக்காற்புள்ளியும் இடைவெளியும் விட்டுச் சரியான விடையின் எழுத்தை இடவேண்டும். சேமிக்கும்போது குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தமிழ் வினாக்கள் அனைத்தும் கேள்விக்குறிகளாக மாறி உண்மையிலேயே வினாக்களாகிவிடும். இவ்வடிவத்தில் பின்னூட்டம் எழுத இடமில்லை. அதனால் வினாக்கள் உள்ளே வந்தபின் ஒவ்வொரு தவறான விடைக்கும் 'விகிதத்தில் மேலே இருக்கவேண்டியது எது என்று மறுபடி பாருங்கள்' என்பது போன்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

அமைப்புகளில் மூன்றை மட்டும் கவனித்தால் போதும். இரண்டு முயற்சிகள் அனுமதித்து, உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சரியான விடையைக் காட்டும் தெரிவைத் தேர்வு மூடப்படும் வரை நிறுத்திவையுங்கள். இல்லையேல் இரண்டாம் முயற்சி வெறும் நகலெடுப்பாகும். மூன்றாவது, முடியும் நேரம். பத்தாம் தேதி நள்ளிரவு வரை என்று எண்ணி 10ஆம் தேதி 00:00 என்று ஒருமுறை குறித்துவிட்டேன்; அது பத்தாம் தேதி தொடங்கும் நொடி என்பதால், மாணவர்கள் ஒரு முழு நாளை இழந்து, காலையில் என் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள். அன்றிலிருந்து இரவு 9 மணி என்றே குறிக்கிறேன். விடைகளின் வரிசையைக் கலைத்துக் காட்டும் தெரிவை இயக்கினால், 'மேற்கண்ட எதுவும் இல்லை' என்ற விடையை எழுதாதீர்கள். அது முதல் வரியில் வந்து நின்று சிரிப்பு மூட்டும்.

படி 6: வகுப்புக்கு முன் பதினைந்து நிமிடம்

வினாத்தேர்வின் முடிவுகளில் புள்ளியியல் அறிக்கையைத் திறந்து, ஒவ்வொரு வினாவிலும் எந்த விடையை எத்தனை பேர் தேர்ந்தார்கள் என்பதைப் பாருங்கள். சராசரி மதிப்பெண்ணால் இங்கே பயனில்லை. பலர் 3.76ஐத் தேர்ந்திருந்தால், அன்றைய வகுப்பை விகிதத்திலிருந்தே தொடங்குகிறேன். எல்லோரும் சரியாகச் செய்திருந்தால் அந்தப் பகுதியை நடத்துவதே இல்லை.

அதிகம் பேர் தவறிய வினாவைக் கரும்பலகையில் எழுதி, விடையைச் சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் தம் விடைக்கான காரணத்தைச் சொல்லி வாதிடச் சொல்லுங்கள்; இரண்டு நிமிடம் கழித்துக் கை உயர்த்தச் சொல்லி மீண்டும் எண்ணுங்கள். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து பரப்பிய முறை இது. எந்தக் கருவியும் இல்லாமல் அறுபது பேர் வகுப்பிலும் நடக்கும். சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

படி 7: ஒரு கேள்வி, ஒரு மன்றம்

'ஐயங்களை இங்கே கேட்கலாம்' என்று திறந்துவைக்கும் மன்றத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதற்கு மாறாக மூடிலில் உள்ள கேள்வி–பதில் வகை மன்றத்தைத் தேர்ந்து, ஒரே கேள்வியை இடுங்கள்: 'தூய நீரில் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பிஎச் சட்டென்று இறங்குகிறது, தாங்கல் கரைசலில் ஏன் அப்படி இறங்குவதில்லை?' இவ்வகை மன்றத்தில் தம் பதிலை எழுதாதவரை மற்றவர்களின் பதில்கள் தெரியாது. எழுதிய பிறகும், பதிலைத் திருத்திக்கொள்வதற்கான கால அவகாசம் முடிந்த பின்புதான் தெரியும். வழக்கமாக அது 30 நிமிடம். இதை முன்பே சொல்லாவிட்டால், தளம் பழுதாகிவிட்டது என்று தொலைபேசி அழைப்புகள் வரும். ஒவ்வொருவருக்கும் மறுமொழி எழுத முற்படவேண்டாம். மூன்று பதில்களை எடுத்து வகுப்பில் விவாதித்தால் போதும்.

படி 8: கைப்பேசி இல்லாத மாணவர்

முதல் வாரத்திலேயே யாரிடம் கருவி இல்லை, யார் வீட்டில் இணைப்பு கிடைப்பதில்லை என்பதைக் கைகளை உயர்த்தச் சொல்லாமல், தாளில் எழுதி வாங்குங்கள். மூடில் செயலியில் பாடப்பொருளைக் கல்லூரி வைஃபையிலேயே இறக்கிவைத்து வீட்டில் இணைப்பின்றிப் படிக்கலாம். அதுவும் இயலாதவர்களுக்குக் கணினி ஆய்வகத்தில் மதிய இடைவேளையில் ஓர் அரைமணி நேரம் கேட்டு வாங்குங்கள். அதே ஐந்து வினாக்களின் அச்சுப் படியையும் கையில் வைத்திருங்கள். இந்த ஏற்பாடு முழுமையாக அமையும் வரை வினாத்தேர்வு மதிப்பெண்ணை அக மதிப்பீட்டில் சேர்ப்பது நியாயமாகாது என்பது என் கருத்து. வாட்ஸ்அப் குழுவை மூடவேண்டியதில்லை; 'வினாத்தேர்வு திறந்திருக்கிறது, இன்றிரவு 9 மணி வரை' என்ற அறிவிப்புக்கு அதைவிட வேகமான வழி வேறில்லை.

பருவம் முடிந்ததும், பக்கத்தை அழிக்கும் முன், மூடிலில் உள்ள காப்புப்பிரதி வசதியைப் பயன்படுத்தி, மாணவர் தரவைச் சேர்க்காமல் பாடப்பொருளையும் வினா வங்கியையும் மட்டும் தரவிறக்கி, ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதை மீட்டெடுத்ததும் முதல் வேலையாகத் தேதிகளை மாற்றுங்கள்; யாருமே தேர்ந்தெடுக்காத தவறான விடைகளை நீக்கி, விடைத்தாள்களில் புதிதாகக் கண்ட தவறுகளிலிருந்து வேறு விடைகளை எழுதிச் சேருங்கள். இரண்டாம் அலகை அதன்பின் தொடங்கலாம்.