சென்னையைச் சுற்றிப் பார்க்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் போடும் திட்டம் வருடக்கணக்கில் மாறுவதே இல்லை: காலையில் வண்டலூர் உயிரியல் பூங்கா, மதியம் எழும்பூர் மியூசியம், சாயங்காலம் மெரினா. தொப்பி, தண்ணீர் பாட்டில் சங்கதியையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள்.

கிழமை பார்க்காமல் கிளம்புவது

ராகுகாலம், எமகண்டம், சூலம் எல்லாம் பார்த்து வாசற்படி தாண்டுகிறவர்கள், போகிற இடத்துக்கு அன்றைக்கு வார விடுமுறையா என்று மட்டும் பார்ப்பதில்லை. இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

கல்யாணத்துக்கு வந்த தேனிச் சொந்தங்கள், ஒரு செவ்வாய்க்கிழமை வேன் பிடித்து நேராக வண்டலூர் போய் இறங்கினார்கள். கதவு பூட்டியிருந்தது. பெரிய மாமா அசரவில்லை. "கிண்டி சிறுவர் பூங்காவில் மான் இருக்குமே" என்று வண்டியைத் திருப்பச் சொன்னார். ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தால் அங்கும் செவ்வாய்தான் விடுமுறை. பக்கத்துப் பாம்புப் பண்ணைக்கும் அதே. பிறகுதான் எனக்குப் போன் வந்தது. திறந்திருக்கும் வடநெம்மேலி முதலைப் பண்ணையைச் சொன்னேன். வேன் வாடகையோ கிலோமீட்டர் கணக்கு. மாமா சரவணபவனுக்குப் போகலாம் என்று முடித்துக்கொண்டார். முந்தின இரவே கேட்டிருந்தால் என்ன?

திங்களன்று மெரினா கலங்கரை விளக்கமும் முதலைப் பண்ணையும் கிடையாது. செவ்வாயன்று வண்டலூர், சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணையோடு முட்டுக்காடு தட்சிணசித்ரா கலைக் கிராமமும் கிடையாது. வெள்ளியன்று எழும்பூர் அருங்காட்சியகமும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகமும் மூடியிருக்கும். பண்டிகை, பள்ளி விடுமுறைக் காலத்தில் இவை மாறுவதும் உண்டு என்பதால் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். புதன், வியாழன் என்றால் பாதித் தலைவலி இல்லை.

உச்சி வெயிலில் கபாலீஸ்வரர் கோயில்

மதியம் நடை சாத்தினால் மாலை 4 மணிக்கு மேல்தான் திறக்கும். அந்த இடைவெளியை எழும்பூருக்குக் கொடுங்கள். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. திருவாலங்காட்டு நடராஜரை நின்று பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். பிள்ளைகளுக்குத் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது.

பொழுதுபோக்குப் பூங்காவை 'போகிற வழியில்' சேர்ப்பது

முழு நாள் டிக்கெட் வாங்கிவிட்டு மூன்று மணிக்கு உள்ளே நுழைவது வீண். ஜீன்ஸ், புடவையோடு அலைக்குளத்தில் விடமாட்டார்கள். நைலான் உடை எடுத்துப் போங்கள்.

வண்டலூரும் கோட்டையும் ஒரே நாளில்

வேண்டாம்.

பாட்டியை மணலில் நடத்திச் செல்வது

மெரினாவில் சாலைக்கும் அலைக்கும் நடுவே எவ்வளவு மணல் என்பது நடந்து பார்த்தால்தான் தெரியும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-ல் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் அலைக்குப் பக்கத்திலேயே போய்விடலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கும் அதுதான் வழி.

மெரினாவில் குளிப்பது

கூடாது. கால் நனைப்பதோடு சரி. அடியில் இழுப்பு அதிகம்.