மெட்டல் இசைக் குழுவின் வெளிநாட்டுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'அடாப்டர்தான் இருக்கிறதே' என்று கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்பைச் செருகுவதில்தான் முதல் சேதம் ஆரம்பிக்கிறது. ஐரோப்பாவில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்டேஜை மாற்றாது. 120 வோல்ட் டியூப் ஆம்ப்பை 230இல் செருகினால், ஃபியூஸோடு போனால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துவிடும்.

வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிறவர்களும் அளவில் தவறுகிறார்கள். 100 வாட் ஆம்ப் என்பது ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி. முழுச் சத்தத்தில் அது சுவரிலிருந்து 300 வாட்டுக்கு மேல் இழுக்கலாம். 500 விஏ-க்கு (வோல்ட்-ஆம்பியர்) குறைந்ததை வாங்காதீர்கள். பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் ஃபியூஸையும் சேர்த்து மாற்றுங்கள்: 230இலிருந்து 120க்கு வரும்போது ஏறக்குறைய இரு மடங்கு ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும்.

இந்தத் தலைவலியே வேண்டாமென்றால் ஹெட் (ஆம்ப்பின் மின்பகுதி), கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி), டிரம் ஷெல்களைப் போகிற இடத்திலேயே வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் அமைப்பாளருக்கு அனுப்பும் தேவைப் பட்டியலான ரைடரில் 'டிரம் செட் ஒன்று' என்று மட்டும் எழுதினால், வந்து நிற்பது ஜாஸ் கிட்டாகவும் இருக்கலாம். பேஸ் டிரம் ஒன்றா இரண்டா, எத்தனை அங்குலம், கேபினெட் எத்தனை ஓம் என்று எழுதுங்கள். ஸ்னேர், சிம்பல், டபுள் பெடல் மூன்றையும் டிரம்மரே கொண்டுபோவது நல்லது. வாடகை பெடலின் ஸ்பிரிங்கில் வேகமான டபுள் பேஸ் வாசிக்கவே முடியாது.

கருவிகளைச் சுங்க வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோக ஏடிஏ கார்னெட் என்ற சுங்க ஆவணம் உதவும். சீரியல் எண், எடை, மதிப்பு எல்லாம் பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். விற்கப்போகும் டி-ஷர்ட்டையும், தீர்ந்துபோகும் ஸ்ட்ரிங், டிரம் ஸ்டிக்கையும் அதில் சேர்க்கக் கூடாது. டி-ஷர்ட்டுக்குத் தனியாக வரி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எல்லைக்கு எல்லை கார்னெட்டில் சுங்க முத்திரை தேவையில்லை. சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் அதற்கு வெளியே. நள்ளிரவில் எல்லாரும் தூங்க, டிரைவர் சுவிஸ் எல்லையில் நிறுத்தாமல் போய்விட்டால் அந்த முத்திரை விட்டுப்போகும். கருவியை விற்றுவிட்டீர்கள் என்று கருதி, மாதங்கள் கழித்துக்கூட வரி கேட்பார்கள்.

விசா சங்கதி சுருக்கமானது: சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு வாசிக்காதீர்கள். ஐரோப்பாவின் பொது விசா பகுதியான ஷெங்கனில் 180 நாளில் 90 நாள் என்ற கணக்கில் ஓய்வு நாளும் முந்தைய பயணமும் சேரும்.

வயர்லெஸ் மைக்கின் அலைவரிசையையும் பாருங்கள். 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதியை 2020 ஜூலை முதல் அமெரிக்காவில் மைக்குகளுக்குப் பயன்படுத்த முடியாது. மைக்குகளின் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும். செக்-இன் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள்.