யானைச் செய்தி எழுதும்போது

கோவையை அடுத்த தடாகம், மருதமலைப் பக்கம் யானை வந்தால் தலைப்பில் 'அட்டகாசம்' என்று போடாதீர்கள். அந்த ஒரு சொல்லே யானையைக் குற்றவாளியாக்கிவிடும். 'வாழைத் தோட்டத்தில் யானை. 60 மரங்கள் சேதம்' என்றால் போதும். மரங்களை நேரில் எண்ணுங்கள், இல்லாவிட்டால் 'உழவர் கணக்குப்படி' என்று சேருங்கள். வந்த நேரம், வன எல்லையிலிருந்து தூரம், இழப்பீட்டு மனு கொடுத்தாயிற்றா என்பதும் வேண்டும். உழவர் நட்டத்தை விட்டுவிட்டு யானைக்காக உருகினால் ஊர்க்காரர் அடுத்த முறை வாயே திறக்கமாட்டார்.

'காட்டுக்குள்ள வந்துச்சு' என்று உழவர் சொன்னால் அதை வனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொங்கில் மானாவாரி நிலத்தையும் காடு என்பார்கள். சோளக்காடா, வனமா என்று கேட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் செய்தியே தலைகீழாகிவிடும்.

பெயர் வைப்பதிலும் கவனம். 2019 ஜனவரியில் தடாகத்தில் பிடித்து ஆனைமலை வனத்தின் டாப்சிலிப் பகுதியில் விட்ட சின்னத்தம்பி என்ற காட்டு யானை, உடுமலைப் பக்கம் கரும்புத் தோட்டங்களுக்கு நடந்து வந்தது. பெயரும் படமும் தினமும் வர, பிடிக்கக்கூடாது என்று ஊரே பேசியது. பெயரில்லாத யானைக்கு அந்தப் பரிவு கிடைக்காது.

யானை நிற்கும் இடத்தை நேரலையில் சொல்லாதீர்கள். அரை மணியில் பைக்குகள் வந்து சேரும், மிரண்ட யானை கூட்டத்தின் மேல் திரும்பும். வாட்ஸ்அப் வீடியோவில் வண்டி எண், கடைப் பலகை பாருங்கள். பாதி வேறு மாநிலத்துப் பழசு.